'நான்-ரீஃபண்டபிள்' என்று சொன்னால் விட்டுவிட வேண்டுமா? கப்பல் கம்பெனியிடம் கணக்குக் கேளுங்கள்

கட்டிய 500 பவுண்டைத் திருப்பிக் கேட்டு மார்ச் மாதம் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். இன்னும் 370 பவுண்ட் கட்டுங்கள் என்று பதில் வந்தது. நான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று மனைவியிடம் போனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவளும் அதையேதான் படித்தாள்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ரெடிங்கில் இருக்கிறேன், சாஃப்ட்வேர் வேலை. சொந்த ஊர் தூத்துக்குடி. அப்பா அங்கே துறைமுகத்தில் 30 வருஷத்துக்கு மேல் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ கப்பல்களுக்குக் காகிதம் எழுதியிருக்கிறார், ஒன்றில்கூட ஒரு ராத்திரி தங்கியதில்லை. 2025 கோடையில் அப்பாவும் அம்மாவும் இங்கே வருவதாக முடிவானதும், சவுத்தாம்ப்டனிலிருந்து நார்வே போய்த் திரும்பும் ஏழு இரவுக் கப்பல் பயணம் ஒன்றை 2024 செப்டம்பரிலேயே புக் செய்தேன். நாங்கள் மூன்று பேர், அவர்கள் இரண்டு பேர். இரண்டு கேபின். மொத்தம் 5,800 பவுண்ட். 'லோ டெபாசிட்' சலுகை ஓடிக்கொண்டிருந்தது. தலைக்கு 100 பவுண்ட் கட்டினால் போதும், மீதியைப் பயணத்துக்கு 90 நாள் முன்னால் கட்டலாம். கப்பல் கிளம்பும் நாள் ஜூலை 26.

பிப்ரவரியில் சென்னையில் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பித்தார்கள். ஆளுக்கு 90 யூரோ கட்டணம், அதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் சர்வீஸ் சார்ஜ். இரண்டு வாரத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. விசா முடிவதற்குள் ஊர் திரும்பும் எண்ணம் இருப்பதாக உறுதிப்படவில்லை என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள். சொந்த வீடும் பென்ஷனும் உள்ள 68 வயது மனிதர். "நான் அங்க போய் என்னடா செய்யப் போறேன், மீன் வெட்டவா?" என்று அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

இங்கே ஒரு விஷயம், ஏனென்றால் இந்தக் குழியில் விழுவது நான் மட்டுமில்லை. "கப்பல் இங்கிலாந்திலேர்ந்து கிளம்பி இங்கிலாந்துக்கே வருது, பிரிட்டிஷ் விசிட் விசாவே போதாதா?" என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. கப்பல் நிற்கும் ஒவ்வொரு நார்வே துறைமுகமும் ஷெங்கன் எல்லை. இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடுகிறேன் என்றாலும், தேவையான விசா இல்லாதவரைக் கம்பெனிகள் சவுத்தாம்ப்டனிலேயே ஏற்றுவதில்லை. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கையில் இருக்கும் பிள்ளைகள் ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு புக் செய்யும்போது இதை மறந்துவிடுகிறார்கள். எனக்கு இந்தியப் பாஸ்போர்ட்தான், எனக்கே தெரிந்திருந்தது. விசா கிடைத்துவிடும் என்று நம்பியதுதான் என் தப்பு.

மார்ச் 12 அன்று பயணத்தை ரத்து செய்தேன். பயணத்துக்கு 136 நாள் இருந்தது. மீதிப் பணம் கட்டும் தேதிக்கே இன்னும் ஆறு வாரம் இருந்தது. ஐந்து நாள் கழித்து வந்த பதிலில்தான் அந்த 370. டெபாசிட் 'நான்-ரீஃபண்டபிள்'. அதோடு, லோ டெபாசிட் என்பது வெறும் சலுகைதானாம். வழக்கமான டெபாசிட் மொத்தத்தில் 15 சதவீதம், அதாவது 870 பவுண்ட். ரத்து செய்தால் வித்தியாசத்தையும் கட்ட வேண்டும் என்று விதிமுறையில் இருக்கிறதாம். போய்ப் பார்த்தேன், இருந்தது. 41 பக்க பிடிஎஃப்பில் 23ஆம் பக்கம்.

ஹாரோவில் எங்கள் நண்பர் ஒருவர் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எல்லாரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். வருஷத்துக்கு ஒரு கப்பல் பயணமாவது போகிறவர். அவரிடம் கேட்டேன். "தம்பி, அது அட்வான்ஸ். குடுத்த காசு குடுத்ததுதான். மிச்சத்தைக் கேக்காமல் விட்டாங்கள் எண்டால் அதுவே பெரிய விசயம்" என்றார். அலுவலகத்தில் இருந்த நம்ம ஊர்க்காரர்களும் இதையேதான் சொன்னார்கள், பேச்சு வழக்கு மட்டும் வேறு.

இந்தப் பதில் நம் ரத்தத்தில் ஊறியது. ஊரில் நிலமோ வீடோ வாங்கப் போனால் அச்சாரம் கொடுப்போம். கொடுத்தவன் பின்வாங்கினால் அச்சாரம் போச்சு, அதைப் பற்றி யாரும் பேசுவதுகூட இல்லை. அச்சாரம் என்பதே வாக்குக்கான விலை. அதே கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து இங்கே கப்பல் கம்பெனிக்கும் போடுகிறோம். ஆங்கிலச் சட்டத்திலும் டெபாசிட் அடிப்படையில் அச்சாரம்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அங்கேகூட எல்லை உண்டு. ஜமைக்காவில் ஒரு வங்கி ஏலத்தில் சொத்து விற்றபோது 25 சதவீதம் டெபாசிட் வாங்கியது. வாங்கியவர் மீதியைத் தாமதமாகக் கட்ட, டெபாசிட்டை வங்கி அப்படியே எடுத்துக்கொண்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை வந்தது. 25 சதவீதம் நியாயமான அச்சாரம் இல்லை, திருப்பிக் கொடு என்று 1993இல் தீர்ப்பு. டெபாசிட் என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் அது டெபாசிட் ஆகிவிடாது.

சுற்றுலாப் பேக்கேஜ் விஷயத்தில் பிரிட்டனின் சட்டம் இதைவிட ஒரு படி மேலே போகிறது. அதைத்தான் நம்மில் பெரும்பாலோர் படிப்பதில்லை. ஐரோப்பிய யூனியனின் 2015ஆம் ஆண்டு உத்தரவை ஒட்டி இங்கே 'பேக்கேஜ் டிராவல் ரெகுலேஷன்ஸ் 2018' வந்தது, 2018 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் நீடிக்கிறது. கப்பல் பயணத்தில் போக்குவரத்தும் தங்குமிடமும் ஒரே விலையில் சேர்ந்து வருவதால் அது பேக்கேஜ். 12ஆவது விதி சொல்வதை என் தமிழில் தருகிறேன். பயணம் தொடங்குவதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் பயணி ரத்து செய்யலாம். அதற்காக நிறுவனம் ஒரு கட்டணம் கேட்கலாம், ஆனால் அது பொருத்தமானதாகவும் நியாயப்படுத்தக்கூடியதாகவும் இருக்க வேண்டும். முன்கூட்டியே இத்தனை சதவீதம் என்று நிர்ணயித்திருந்தால், அது ரத்தான நேரத்தையும், நிறுவனத்துக்கு மிச்சமாகும் செலவையும், அந்த இடத்தை வேறொருவருக்கு விற்றுக் கிடைக்கும் வருமானத்தையும் கணக்கில் எடுத்ததாக இருக்க வேண்டும். முக்கியமான வரி இது: பயணி கேட்டால், அந்தத் தொகை எப்படி வந்தது என்பதற்கு நிறுவனம் விளக்கம் தர வேண்டும்.

கேட்டால் தர வேண்டும். கேட்காவிட்டால் தர வேண்டியதில்லை. நாம் கேட்பதில்லை.

வேலையில் ஏதாவது சிஸ்டம் விழுந்தால் முதல் கேள்வி 'லாக் எங்கே?' என்பதுதான். ஏதோ நெட்வொர்க் பிரச்சினை என்று யாராவது சொன்னால் சும்மா விடமாட்டோம். ஆனால் ஒரு கம்பெனி 'நான்-ரீஃபண்டபிள்' என்று ஒரு சொல்லைச் சொன்னதும் லேப்டாப்பை மூடிவிடுகிறோம். அந்தச் சொல் தொகைக்கு விளக்கம் ஆகாது, அது அவர்கள் தொகைக்கு வைத்த பெயர். 2015ஆம் ஆண்டு 'கன்ஸ்யூமர் ரைட்ஸ் ஆக்ட்' இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. நுகர்வோர் ஒப்பந்தத்திலிருந்து விலகினால் அளவுக்கு மீறிய தொகையை இழப்பீடாகக் கேட்கும் ஷரத்து நியாயமற்றதாகக் கருதப்படலாம் என்று அதன் இரண்டாவது அட்டவணையில் உதாரணமாகவே போட்டிருக்கிறார்கள். நியாயமற்ற ஷரத்து நுகர்வோரைக் கட்டுப்படுத்தாது. நீங்கள் டிக் அடித்துவிட்டீர்களே என்பது பதில் ஆகாது.

இதையெல்லாம் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நான் தட்டிய கதவுகளையும் சொல்ல வேண்டும். அவை எல்லாம் தப்பான கதவுகள். ஆன்லைனில் வாங்கினால் 14 நாளுக்குள் திருப்பலாம் என்ற விதி முதலில் ஞாபகம் வந்தது. சட்டைக்கும் செருப்புக்கும் சரி. சுற்றுலாப் பேக்கேஜ் அந்த விதியிலிருந்து விலக்கப்பட்டது. புக் செய்த மறுநாளே மனம் மாறினாலும் இந்த 14 நாள் உங்களைக் காப்பாற்றாது. அடுத்து டிராவல் இன்சூரன்ஸ். விசா மறுப்பு பெரும்பாலான பாலிசிகளில் விலக்குப் பட்டியலில் இருக்கும், என் பாலிசியிலும் இருந்தது.

பிறகு கிரெடிட் கார்டு. 'செக்ஷன் 75' என்றால் நம் ஆட்களுக்கு ஒரு மந்திரம் மாதிரி. 1974ஆம் ஆண்டுச் சட்டம், 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்ட் வரை விலையுள்ள பொருளுக்கோ சேவைக்கோ விற்பனையாளரோடு கார்டு நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு. நல்ல சட்டம்தான். நான் போன் செய்தபோது வங்கிப் பெண்மணி பொறுமையாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கம்பெனி ஒப்பந்தத்தில் எதை மீறியது?" அந்த நேரத்தில் என்னிடம் பதில் இல்லை. கம்பெனி மூழ்கினாலோ, சொன்னதைச் செய்யாவிட்டாலோ, பொய் சொல்லி விற்றாலோ செக்ஷன் 75 கைகொடுக்கும். நாமே ரத்து செய்த இடத்தில் அதை மட்டும் நம்பிப் போனால் திரும்பி வர வேண்டியதுதான்.

விசா மறுப்பை 'தவிர்க்க முடியாத அசாதாரணச் சூழ்நிலை' என்று சொல்லி முழுப் பணத்தையும் கேட்கலாமா என்றும் பார்த்தேன். அந்த விதி போகிற இடத்தில் போர், கொள்ளை நோய், இயற்கைச் சீற்றம் போன்றவற்றுக்கு. என் அப்பாவுக்கு விசா கிடைக்காதது நார்வேயின் பிரச்சினை இல்லையே. அந்த விதியும் சிக்கலானதுதான். ஒரு ஜெர்மன் வழக்கைப் பாருங்கள். 2020 ஏப்ரலில் ஜப்பான் போக வேண்டிய ஒருவர், கொரோனா பரவுவதைப் பார்த்து மார்ச் 1ஆம் தேதியே ரத்து செய்தார். கம்பெனி 25 சதவீதம் பிடித்தது. மார்ச் கடைசியில் ஜப்பான் எல்லையையே மூடிவிட்டது. எப்படியும் போயிருக்க முடியாது, முழுப் பணமும் கொடு என்றார். ரத்து செய்த நாளில் நிலைமை என்ன என்பதை மட்டும்தான் பார்க்க வேண்டும், பிறகு நடந்தது கணக்கில் வராது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29 அன்று சொல்லிவிட்டது. புத்திசாலித்தனமாக முந்திக்கொண்டவருக்கு நஷ்டம், சும்மா இருந்தவருக்கு முழுப் பணம். பிரிட்டன் நீதிமன்றங்களை இந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது, ஆனால் விதி ஒரே மூலத்திலிருந்து வந்தது என்பதால் கவனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆக எனக்கு மிஞ்சியது 12ஆவது விதி மட்டும்தான். மார்ச் 24 அன்று இரண்டாவது கடிதம் எழுதினேன். கோபமாக எழுதிய முதல் வரைவை மனைவி அழித்தாள், அது நல்லதுதான். கடிதத்தில் மூன்றே விஷயம். ரத்து செய்த தேதி, பயணத்துக்கு மிச்சம் இருந்த நாள். 870 பவுண்ட் எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதை 12ஆவது விதிப்படி எழுத்தில் தரவும். கேபின்கள் மறுபடி விற்கப்பட்டனவா என்று சொல்லவும். கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். நான் ரத்து செய்து எட்டு நாள் கழித்து, அதே பயணத்துக்கு, அதே வகைக் கேபின்களுக்கு, அதே ஐந்து பேரைப் போட்டுப் பார்த்தால் அவர்களுடைய தளமே 6,450 பவுண்ட் காட்டியது. பள்ளி விடுமுறை தொடங்கும் வாரம், விலை ஏறாமல் என்ன செய்யும்? நான் விட்டுக்கொடுத்த இடத்தை என்னிடம் விற்றதைவிட 650 பவுண்ட் அதிகமாக விற்கப் போகிறார்கள், அதற்கு நான் 870 பவுண்ட் அபராதம் கட்ட வேண்டும்.

ஸ்கிரீன்ஷாட் எடுப்பதை மறக்காதீர்கள். ரத்து செய்த வாரத்தில் ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, 'சோல்ட் அவுட்' என்று காட்டும்போது ஒன்று. தேதி தெரிய வேண்டும். பின்னால் தேடினால் அந்தப் பக்கம் இருக்காது.

ஏப்ரலில் வந்த பதில் முதல் பதிலின் நகல், கையெழுத்துப் போட்ட பெயர் மட்டும் வேறு. வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர்களைக் குறை சொல்லி என்ன பயன், அவர்கள் முன்னால் ஒரு திரை இருக்கிறது, திரையில் ஒரு வார்ப்புரு இருக்கிறது. அதைத் தாண்டி வேறு யாராவது படிக்க வேண்டுமானால் கடிதத்தின் தலைப்பு மாற வேண்டும். மே மாதம் 'வழக்குக்கு முந்தைய கடிதம்' என்று தலைப்பிட்டு, 14 நாள் கெடு வைத்து, அவர்களுடைய பதிவு அலுவலக முகவரிக்குத் தபாலிலும் அனுப்பினேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்ட் வரை சிறு வழக்குப் பிரிவில் வக்கீல் இல்லாமல் நாமே போடலாம். 500 பவுண்ட் கேட்டு வழக்குப் போட ஆன்லைனில் 50 பவுண்ட் கட்டணம். விசாரணை வரை போனால் தனியாக ஒரு கட்டணம். ஜெயித்தால் அவற்றையும் எதிர்த்தரப்பு கொடுக்க வேண்டியிருக்கும். கம்பெனி இந்தியப் பயணச் சங்கமான ஆப்டா மாதிரி ஏதாவதில் உறுப்பினரா என்று கேட்பவர்கள் உண்டு. ஆப்டா இந்தியச் சங்கம் இல்லை, பிரிட்டிஷ் பயண நிறுவனங்களின் சங்கம். கம்பெனி அதில் உறுப்பினர் என்றால் நடுவர் வழியாகத் தீர்க்கும் திட்டம் ஒன்றும் இருக்கிறது. எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு மேலாளர் எழுதினார். 'நல்லெண்ண அடிப்படையில்' 370 பவுண்ட் கோரிக்கையை விட்டுவிடுகிறார்களாம், 350 பவுண்டைத் திருப்பித் தருகிறார்களாம், தலைக்கு 30 வீதம் 150 பவுண்டை நிர்வாகச் செலவாக வைத்துக்கொள்கிறார்களாம். நல்லெண்ணம் என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. விதிப்படி கொடுத்தேன் என்று எழுதினால் அடுத்தவரும் கேட்பார் அல்லவா. 150க்கும் கணக்குக் கேட்டிருக்கலாம். ஐந்து பேர் பதிவை மாற்றுவதற்கும் ஏஜென்ட் கமிஷனுக்கும் ஏதோ செலவு இருந்திருக்கும் என்று நானும் ஏற்றுக்கொண்டேன். ரத்து செய்தது நான்தான், அவர்களுக்கு ஒரு பைசா நஷ்டம் வரக்கூடாது என்று நானும் நினைக்கவில்லை, வந்த நஷ்டத்தைக் காட்டுங்கள் என்றுதான் கேட்டேன்.

ரத்து செய்யாமலே தப்பிக்க ஒரு வழி இருந்தது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதே சட்டத்தின் 9ஆவது விதிப்படி, பயணத்துக்கு ஏழு நாள் முன்பு வரைக்கும்கூட உங்கள் பதிவை வேறொருவர் பெயருக்கு மாற்றலாம். மாற்றுவதற்கு உண்மையில் ஆகும் செலவை மட்டும்தான் நிறுவனம் கேட்கலாம். மீதிப் பணத்துக்குப் பழையவரும் புதியவரும் சேர்ந்து பொறுப்பு, அதனால் நம்பிக்கையான ஆளாக இருக்க வேண்டும். பள்ளி விடுமுறைக் கப்பல், ஏறிய விலை. எங்கள் தெருவிலேயே இரண்டு குடும்பம் கேட்டிருக்கும். இன்னொரு விதி, கம்பெனி பயண விலையை 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் நாம் கட்டணம் இல்லாமல் விலகலாம். எரிபொருள் விலையைக் காரணம் காட்டி மின்னஞ்சல் வரும்போது கால்குலேட்டரை எடுங்கள்.

நம் சமூகத்துக்கே உரிய ஒரு சிக்கலைப் பேசாமல் விட முடியாது. நம்மில் பலர் நேராகக் கம்பெனியிடம் வாங்குவதில்லை. தெரிந்த தமிழ் ஏஜென்ட், அல்லது சங்கத்தில் யாரோ ஒரு அண்ணா வாட்ஸ்அப் குழு தொடங்கி "ஐம்பது பேர் சேர்ந்தால் குரூப் ரேட்" என்று ஆளுக்கு 200 பவுண்ட் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்வார். அனுப்புவோம், ரசீது கேட்டால் அவருக்கு மனசு வருத்தப்படுமே என்று கேட்பதில்லை. இதில் மூன்று பாதுகாப்பு போகிறது. வங்கிப் பரிமாற்றத்துக்கு செக்ஷன் 75 கிடையாது. கார்டில் கட்டினாலும், பணம் ஏஜென்ட்டுக்குப் போய் பயணம் வேறு கம்பெனியுடையது என்றால் அந்தச் சங்கிலி அறுந்துபோக வாய்ப்பு உண்டு. மூன்றாவது பலருக்குத் தெரியாதது: எப்போதாவது ஒருமுறை, லாப நோக்கமில்லாமல், ஒரு குறிப்பிட்ட குழுவுக்கு மட்டும் நடத்தும் பயணங்கள் 2018 விதிகளுக்கு வெளியே. கோயில் சுற்றுலாவும் சங்கச் சுற்றுலாவும் பெரும்பாலும் இதில் வரும். அங்கே 12ஆவது விதியைக் காட்ட முடியாது. ஆனால் 'சமூக சேவை' என்று சொல்லிக்கொண்டு வருஷம் நாலு முறை லாபத்துக்கு நடத்துபவருக்கு அந்த விலக்கு இல்லை. அவர் திவாலானால் பயணிகளின் பணத்தைக் காக்க பாண்டோ, இன்சூரன்ஸோ, டிரஸ்ட் கணக்கோ வைத்திருக்க வேண்டும். எதை வைத்திருக்கிறீர்கள் அண்ணா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

ஜெர்மனி, பிரான்ஸ், நார்வே, டென்மார்க்கில் இருப்பவர்களுக்கும் இதே உத்தரவின் உள்ளூர் வடிவம் உண்டு. சுவிட்சர்லாந்து அதில் சேராது. கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். அமெரிக்காவில் கப்பல் டிக்கெட்டின் பின்பக்கத்துக்கு அதிக மதிப்பு. புளோரிடாவில் மட்டும்தான் வழக்குப் போட வேண்டும் என்று டிக்கெட்டில் அச்சடித்திருந்ததை வைத்து, நாட்டின் மறுகோடியான வாஷிங்டன் மாநிலத்துப் பயணியின் வழக்கை 1991இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. ஆஸ்திரேலியா வேறு திசையில் போகிறது. ரூபி பிரின்சஸ் கப்பலில் கொரோனா பரவிய வழக்கில், கூட்டு வழக்குப் போடும் உரிமையைப் பறித்த ஷரத்து நியாயமற்றது என்று 2023 டிசம்பரில் அங்கே உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் நியாயமற்ற ஷரத்துகளுக்கு அங்கே அபராதமும் வந்திருந்தது. மனம் மாறி ரத்து செய்தால் பணம் வரும் என்று அர்த்தமில்லை, ஆனால் சிறிய எழுத்தில் இருப்பதெல்லாம் வேதவாக்கும் இல்லை.

பிரிட்டனிலும் காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது. போட்டி மற்றும் சந்தைகள் ஆணையமான சிஎம்ஏ இதற்கு முன் நுகர்வோர் சட்டத்தை மீறும் கம்பெனியைத் தண்டிக்க நீதிமன்றம் போக வேண்டும். 2025 ஏப்ரல் 6 முதல் அதுவே முடிவெடுத்து, உலகளாவிய வருவாயில் 10 சதவீதம் வரை அபராதம் போடலாம். தனி நபர் புகாரை அது தீர்த்து வைக்காது. உங்கள் 500 பவுண்டுக்காக அங்கே யாரும் போன் எடுக்கமாட்டார்கள். ஆனால் 'லோ டெபாசிட்' என்று பெரிதாக விளம்பரம் செய்துவிட்டு, ரத்து செய்தால் மீதியைக் கட்டு என்று 23ஆம் பக்கத்தில் எழுதும் பழக்கத்தைப் பற்றி நூறு பேர் புகார் கொடுத்தால் அது அவர்கள் பார்வைக்கு வரும். என் புகாரை அனுப்பியிருக்கிறேன்.

ஜூலையில் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். சவுத்தாம்ப்டனிலிருந்து வைட் தீவுக்குப் படகில் கூட்டிப் போனேன், ஒரு மணி நேரம், விசா தேவையில்லை. போகும் வழியில் பெரிய கப்பல் ஒன்று கரையில் நின்றது. அப்பா அதன் நீளத்தையும் எடையையும் மனக்கணக்காகச் சொன்னார், நான் போனில் பார்த்தேன், அதிகம் தப்பில்லை. "அந்தக் காசு வந்துச்சா?" என்று கேட்டார். 350 வந்தது என்றேன். "மீதிக்கு ரசீது குடுத்தானா?" என்றார். கிளார்க் புத்தி.

போன வாரம் ஹாரோ அண்ணா போன் செய்தார். "தம்பி, அந்தக் கடிதத்தை எனக்கும் ஒருக்கால் அனுப்பும்." 2022இல் அவர் ரத்து செய்த ஒரு பயணத்துக்கு 800 பவுண்ட் டெபாசிட் போனதாம், பேசாமல் விட்டுவிட்டாராம். இவ்வளவு காலம் கழித்துக் கேட்க முடியுமா என்றார். ஒப்பந்த வழக்குகளுக்கு இங்கிலாந்தில் ஆறு வருஷம் அவகாசம் என்று சொன்னேன். ரத்து செய்த மின்னஞ்சல் இருக்கிறதா என்று கேட்டேன். "இரும், மனிசியிட்டக் கேட்டுச் சொல்லுறன்" என்று போனை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.